ஐ20 என் லைன்: நான்கு வழிச்சாலையில் விரட்டத்தான் வாங்குகிறீர்களா?

ஹூண்டாய் ஐ20 என் லைன் மேனுவல் வைத்திருக்கிறேன் என்று சொன்ன உடனே வரும் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: "ஹைவேயில எவ்வளவு போவும்?" மைலேஜை அப்புறம்தான் கேட்பார்கள், சர்வீஸ் செலவை அதற்கும் அப்புறம். தக்கலை, மார்த்தாண்டம், நாகர்கோவில் பக்கம் கார் பித்துப் பிடித்த தம்பிமார் நிறையப் பேர், அவர்கள் மனதில் இருப்பதெல்லாம் காவல்கிணறு தாண்டி வரும் அந்த நீண்ட நான்கு வழிச்சாலைதான். அதனால் இந்த ரிவ்யூவை அந்தக் கேள்விக்கே எழுதுகிறேன். வண்டி நன்றாகவே போகும், அதில் சந்தேகம் வேண்டாம். ஆனால் ஓட்டுவதில் உண்மையான ஆசை இருக்கிறவனுக்கு ஹைவேயில் விரட்டுவதால் கிடைப்பது கொஞ்சம், அதற்காகப் பணயம் வைப்பது ரொம்பப் பெரிது. இந்த வண்டியின் சுகம் வேறு இடத்தில் இருக்கிறது.

முதலில் வண்டியைப் பற்றி. 998 சிசி, மூன்று சிலிண்டர் டர்போ பெட்ரோல் இன்ஜின், 120 குதிரைத்திறன், 172 நியூட்டன் மீட்டர் டார்க், அதாவது இன்ஜின் சுழற்றித் தரும் இழுவிசை. அந்த டார்க் 1500 ஆர்பிஎம்மிலேயே (நிமிடத்துக்கு 1500 சுற்று) வந்து 4000 வரை அப்படியே நிற்கிறது, காகிதத்தில் உள்ள எண்களில் எனக்கு முக்கியமானது இதுதான். 2021-ல் முதலில் வந்தபோது கிளட்ச் பெடல் இல்லாத ஐஎம்டி கியர்தான் கொடுத்தார்கள், 2023 செப்டம்பரில் அதை எடுத்துவிட்டு முறையான ஆறு கியர் மேனுவல் போட்டார்கள், அப்போது ஆரம்ப விலை 9.99 லட்சம். ஏழு கியர் டிசிடி ஆட்டோமேட்டிக்கும் உண்டு. நான்கு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக், 16 அங்குல வீல், சாதாரண ஐ20-ஐவிட இறுக்கமான சஸ்பென்ஷன், கொஞ்சம் கனமான ஸ்டியரிங். ஓட்டத் தெரிந்தவனுக்காக யோசித்துச் செய்த மாற்றங்கள் இவை, உட்கார்ந்து முதல் வளைவைத் திரும்பும்போதே தெரிந்துவிடும்.

நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துக்குள் வேகம் என்ற பேச்சுக்கே இடமில்லை. களியக்காவிளையிலிருந்து நாகர்கோவில் வரை பழைய என்எச் 47, இப்போதைய 66, ஊரும் கடையும் பள்ளிக்கூடமும் விட்டுப்போகாமல் வந்துகொண்டே இருக்கும். மார்த்தாண்டம் மேம்பாலத்தில் ஏறினால் கொஞ்சம் மூச்சு விடலாம், இறங்கினால் பழையபடி பேருந்துக்குப் பின்னால்தான். ஆகவே விரட்ட ஆசைப்படுகிறவர்கள் எல்லாம் தோவாளை, ஆரல்வாய்மொழி தாண்டி, முப்பந்தல் காற்றாலைகளுக்கு நடுவே போய், காவல்கிணற்றில் என்எச் 44-ஐப் பிடிக்கிறார்கள். பணகுடி, வள்ளியூர், நாங்குநேரி வரை நேரான ரோடு, இரண்டு பக்கமும் பொட்டல், எதிரில் வண்டி வராது. ஆசை வரும்தான். எனக்கும் வரும்.

அந்த ஆசைக்கு இந்த வண்டி என்ன கொடுக்கிறது என்பதை மறைக்காமல் சொல்கிறேன். மூன்றாவது கியரில் 50-லிருந்து 90 வரை ஒரு இழுவை இழுக்கும் பாருங்கள், டர்போ பிடித்துக்கொண்டு முதுகை சீட்டோடு ஒட்டவைக்கும், சைலன்சரில் ஒரு கரகரப்பு வரும், அந்தச் சில நொடிகள் நிஜமாகவே ஆனந்தம். ஆனால் 100-ஐத் தொட்டு ஆறாவது கியரில் விழுந்த பிறகு? ஸ்டியரிங் நேராக இருக்கிறது, கியரை மாற்ற வேண்டிய தேவை இல்லை, பிரேக் தொட வேண்டியதில்லை. 100-லிருந்து 130-க்குப் போனால் மாறுவது மீட்டரில் உள்ள எண்ணும் கண்ணாடி ஓரத்தில் காற்றின் இரைச்சலும்தான். 80-ஐத் தாண்டினால் வண்டியே இடையிடையே பீப் அடிக்கும், 120-ஐத் தாண்டினால் விடாமல் அடித்துக்கொண்டே இருக்கும், 2019 ஜூலைக்குப் பிறகு வந்த எல்லாக் கார்களிலும் இது கட்டாயம். கை, கால், கண், காது என்று நாலும் சேர்ந்து வேலை செய்வதற்குப் பெயர்தான் ஓட்டுவது என்றால், நேர்ரோட்டில் 130-ல் போகும்போது வலது கால் ஒன்றுக்குத்தான் வேலை, அதுவும் அழுத்திக்கொண்டே இருக்கிற வேலை. ஓட்டுவதில் ஆசைப்பட்டவன் இதற்கா இவ்வளவு காசு கொடுத்து மேனுவல் கியர் வாங்கினான்?

அப்புறம் காற்று. வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது, நமக்குத் தெரியும். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று மலையில் முட்டி, ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகப் பிதுங்கிக்கொண்டு வெளியே வருகிறது. அந்தக் காற்றை நம்பித்தான் முப்பந்தலில் அத்தனை காற்றாலைகளை நட்டிருக்கிறார்கள். காவல்கிணறு தாண்டி வடக்கே திரும்பியதும் அது உங்கள் இடது பக்கம் அடிக்கும். ஆடி மாதத்தில் நீங்கள் ஒரு நீளமான லாரியை ஓவர்டேக் செய்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதுவரை காற்றுக்கு எதிராக ஸ்டியரிங்கை லேசாக இடப்பக்கம் பிடித்தே வந்திருப்பீர்கள், உங்களுக்கே தெரியாமல். லாரியின் மறைவுக்குள் போனதும் காற்று சட்டென்று நிற்கும், பிடித்திருந்த ஸ்டியரிங் வண்டியை லாரிப் பக்கமாகக் கொண்டுபோகும், அதைச் சரிசெய்வதற்குள் லாரியின் மூக்கைத் தாண்டிவிடுவீர்கள், காற்று மொத்தமாக அறைந்து டிவைடர் பக்கம் தள்ளும். 80-ல் இது ஒரு சின்ன அசைவு, கை தானாகவே சரிசெய்துவிடும். 120-க்கு மேல் இதே இரண்டு தள்ளும் ஒரு நொடிக்குள் அடுத்தடுத்து வருகின்றன, அந்த நேரத்தில் பதறி ஸ்டியரிங்கை வெட்டினால் வண்டி எந்தப் பக்கம் போகும் என்று சொல்ல முடியாது. ஐ20 என் லைன் தரையோடு நன்றாகப் பிடித்து ஓடும் வண்டிதான், இருந்தாலும் எடை குறைந்த ஹேட்ச்பேக், காற்றுக்கு அந்தப் பிடிப்பெல்லாம் கணக்கில்லை.

ரோட்டில் நாம் மட்டும் இருந்தாலும் பரவாயில்லை. கல்லும் எம்சாண்டும் ஏற்றிக்கொண்டு கேரளத்துக்குப் போகும் டாரஸ் லாரிகள் ஆரல்வாய்மொழிப் பக்கம் ராத்திரி பகல் இல்லாமல் ஓடுகின்றன, அதில் பாதி வலது லேனை விடுவதே இல்லை, சிலதுக்குப் பின்னால் விளக்கும் கிடையாது. விடிவதற்கு முன்னால் போனால் தோவாளைப் பூச்சந்தைக்கு மூட்டை கட்டிய டூவீலர்களும் சின்ன வேன்களும் வரும். பணகுடி, வள்ளியூர்ப் பக்கம் டிவைடரில் விட்டிருக்கும் திறப்பில் ஒருவர் மனைவியையும் பிள்ளையையும் வைத்துக்கொண்டு பைக்கில் நிற்பார், நீங்கள் தூரத்தில் வருவதைப் பார்த்து, மற்ற கார்கள் வரும் வேகத்திலேயே நீங்களும் வருகிறீர்கள் என்று கணக்குப் போட்டு இறங்குவார். அவர் கணக்கில் தப்பில்லை. 140-ல் ஒருவன் வருவான் என்று அவர் எப்படி எதிர்பார்ப்பார்? ஆட்டுக்கூட்டமும் எதிர்த்திசையில் ஓரமாக வரும் டிராக்டரும் இதில் சேர்த்தி.

நிறுத்துவதற்கான கணக்கை ஒருமுறை போட்டுப் பாருங்கள், நான் அடிக்கடி மச்சினனுக்குச் சொல்வது இது. 100-ல் போனால் ஒரு நொடிக்கு ஏறக்குறைய 28 மீட்டர் ஓடுகிறோம், 140-ல் 39 மீட்டர். ஆபத்தைப் பார்த்து, மூளைக்கு உறைத்து, கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை நொடி என்று வையுங்கள். காய்ந்த ரோடு, நல்ல டயர், நல்ல பிரேக் இருந்தால் 100-ல் வந்த வண்டி மொத்தம் 90 மீட்டர் சுமாரில் நின்றுவிடும். 140-ல் வந்த அதே வண்டிக்கு 150 மீட்டருக்கு மேல் வேண்டும். இதைவிடப் பயங்கரமானது ஒன்று இருக்கிறது: முதல் வண்டி முழுவதாக நின்றுவிட்ட அந்த இடத்தைத் தாண்டும்போது இரண்டாவது வண்டி இன்னும் 110-க்கு மேல் போய்க்கொண்டிருக்கும். ஒருவருக்கு அது "அப்பாடா" என்று பெருமூச்சு விடும் இடம், இன்னொருவருக்கு அது மோதும் இடம். நாலு டிஸ்க் பிரேக் இருக்கிறதே என்று சொல்பவர்களுக்கு, இந்தக் கணக்கே நல்ல பிரேக்கை வைத்துப் போட்டதுதான். மழை பெய்தால் எல்லாத் தூரமும் கூடும்.

ஏர்பேக் ஆறு இருக்கிறதே என்பது அடுத்த வாதம். இருக்கிறது, 2023 மாடலிலிருந்து எல்லா வேரியன்ட்டிலும் ஆறு. நல்ல விஷயம். ஆனால் கார்களை மோதிப் பார்த்துப் பாதுகாப்புக்கு நட்சத்திரம் கொடுக்கும் குளோபல் என்கேப் அமைப்பு காரை முன்பக்கமாக மோதிப் பார்ப்பது 64 கிலோமீட்டர் வேகத்தில்தான். 2022-ல் இரண்டு ஏர்பேக் வைத்த ஐ20-ஐ அப்படிச் சோதித்து 3 நட்சத்திரம் கொடுத்தார்கள். வேகம் இரண்டு மடங்கானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்கு, ஆகவே 130-ல் நடக்கும் மோதல் அந்தச் சோதனையைவிட நான்கு மடங்கு கொடூரமானது. ஐந்து நட்சத்திரம் வாங்கிய வண்டியாக இருந்தாலும் அந்த நட்சத்திரங்கள் அந்த வேகத்தைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. 2022-ல் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள் என்று மத்திய அரசின் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் கணக்குக் கொடுத்தது, அதில் 70 சதவீதத்துக்கு மேல் அதிவேகம் என்ற தலைப்பின் கீழ்தான் வருகிறது. பின் சீட்டில் இருப்பவர்களும் பெல்ட் போடுங்கள், நம்ம ஊரில் அம்மா, சித்தி, மாமா யாருமே போடுவதில்லை, கேட்டால் "பின்னால எதுக்கு?" என்பார்கள். போடாமல் நான் வண்டியை எடுப்பதில்லை, கோபித்துக்கொண்டாலும் சரி.

சரி, நேரமாவது மிச்சமாகுமா? காவல்கிணற்றிலிருந்து திருநெல்வேலி நகர எல்லை வரை ஒரு 60 கிலோமீட்டர் என்று வைத்தால், 100-ல் 36 நிமிடம், 130-ல் 28 நிமிடம். எட்டு நிமிடம். அதுவும் ஒரு நொடிகூடத் தடையே இல்லாமல் ஓடினால்தான், நாங்குநேரி டோல்கேட்டில் முன்னால் நிற்கும் வண்டியின் ஃபாஸ்டேக் வேலை செய்யவில்லை என்றால் அதில் பாதி போய்விடும், மீதி வண்ணாரப்பேட்டை நெரிசலில் போகும். பெட்ரோலோ காற்றின் எதிர்ப்போடு கணக்குத் தீர்த்துக்கொள்ளும். 80, 90-ல் சீராகப் போனால் என் வண்டியில் லிட்டருக்கு 18-ஐ ஒட்டி காட்டும், 120-க்கு மேலேயே வைத்து ஓட்டினால் 12, 13-க்கு இறங்கிவிடும். காற்றைக் கிழிக்கத் தேவையான திறன் வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறுகிறது, 100-லிருந்து 130-க்கு அது இரண்டு மடங்கைத் தாண்டிவிடும், சின்ன டர்போ இன்ஜின் அதற்குப் பெட்ரோலைக் குடித்துத்தான் ஈடுகொடுக்கும். தொட்டி 37 லிட்டர்தான் பிடிக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். அபராதம் தனி, 2019 திருத்தத்துக்குப் பிறகு கார்களுக்கு அதிவேகம் என்றால் 1000 முதல் 2000 ரூபாய். நான்கு வழிச்சாலையில் காருக்கு உச்சமே 100 தான், ஊர் வரும் இடங்களில் பலகை இன்னும் குறைத்துச் சொல்லும்.

வடசேரிப் பக்கம் நான் வழக்கமாகப் போகும் டயர் கடையில் ஒரு பெரியவர் இருக்கிறார், வண்டியைத் தூக்கி டயரைக் கையால் தடவிப் பார்த்தே ஓட்டுகிறவன் எப்படிப்பட்டவன் என்று சொல்லிவிடுவார். "வேகமா போறவனுக்கு டயர் தேயுதது பெருசில்ல மக்கா, காத்து கொறஞ்சி கெடந்து சூடாவுததுதான் பெருசு, கேட்டியா" என்றார் ஒருநாள். காற்று குறைந்த டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி மடங்கி நிமிரும், அதில்தான் சூடு பிறக்கிறது, வேகமும் பாரமும் கூடக்கூட சூடு ஏறும், கடைசியில் வெடிக்கும். ஆள் நிறைத்துக்கொண்டு திருச்செந்தூருக்கோ மதுரைக்கோ போகும் கார்களுக்கு இது ரொம்பப் பொருந்தும். பக்கச்சுவரில் உள்ள நாலு இலக்கத்தையும் அவர் காட்டிக்கொடுத்தார்: 2321 என்றால் 2021-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்த டயர். பழைய வண்டி வாங்குகிறவர்கள் பெயின்ட்டைப் பார்ப்பதற்கு முன் இதைப் பாருங்கள், பட்டன், அதாவது டயரின் மேல்பக்கத்து வெட்டுகள், நன்றாக இருந்தாலும் ரப்பர் கிழடாகிப்போயிருக்கும். என் லைனில் டயர் அழுத்தம் மீட்டரிலேயே தெரியும், ஆனாலும் காலையில் டயர் சூடாகும் முன்பு பார்ப்பதுதான் சரி.

இப்போது நான் சொல்ல ஆசைப்படும் இடத்துக்கு வருகிறேன். நாகர்கோவிலிலிருந்து இறச்சகுளம், பூதப்பாண்டி, அழகியபாண்டியபுரம் வழியாகத் தடிக்காரன்கோணம் போய், கீரிப்பாறை ரப்பர் தோட்டங்களுக்குள் நுழையும் ரோடு. ஊர்களுக்குள் ஊர்ந்துதான் போக வேண்டும், அதில் மாற்றுக் கருத்தே கிடையாது. அதைத் தாண்டி மரங்களுக்கு நடுவே வளைந்து வளைந்து ஏறும் பகுதியில் 30, 40-ல்தான் போவீர்கள், ஆனால் வண்டி முழுவதும் உயிரோடு இருக்கும். வளைவுக்கு முன்னால் வண்டி நேராக இருக்கும்போதே பெரும்பாலும் பிரேக்கை முடித்து, மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கி, கிளட்ச் பிடிக்கும் நேரத்தில் ஆக்சிலேட்டரை லேசாகத் தட்டி இன்ஜின் வேகத்தைச் சமன்செய்து, பிரேக்கை மெதுவாக விட்டபடி ஸ்டியரிங்கைத் திருப்பினால் முன்சக்கரத்தில் பாரம் விழுந்து மூக்கு கச்சிதமாக உள்ளே திரும்பும். தாமதமாகப் பிரேக் பிடித்தாலோ, ஸ்டியரிங்கை வெட்டினாலோ பக்கத்தில் இருப்பவரின் தலை ஆடும், உடனே தெரிந்துவிடும். வளைவின் நடுவில் இருந்து 1500 ஆர்பிஎம்மிலேயே டார்க் கையில் இருப்பதால் மறுபடி கியர் மாற்றாமலே வண்டியை வெளியே இழுக்கலாம். ஹைவேயில் ஒரு மணி நேரம் விரட்டினாலும் கிடைக்காத திருப்தி இந்த ஒரு வளைவைச் சரியாக எடுத்ததில் கிடைக்கும், சத்தியமாகச் சொல்கிறேன்.

இதைப் படித்துவிட்டு யாரும் கீரிப்பாறையில் போய் ரேஸ் விட வேண்டாம். காலையில் பால் வெட்டும் தொழிலாளர்கள் அந்த ரோட்டில்தான் நடந்து போகிறார்கள், அரசு பஸ் வளைவில் முழு ரோட்டையும் எடுத்துக்கொண்டு வரும், ரப்பர் இலை உதிரும் டிசம்பர், ஜனவரி மாதங்களில் ஈர இலை மேல் டயர் வழுக்கும். கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் பாதிக்குள் நிறுத்த முடிகிற வேகம், அதற்கு மேல் போகக்கூடாது. அந்த எல்லைக்குள்ளேயே இந்த வண்டி கற்றுக்கொடுப்பதற்கு நிறைய வைத்திருக்கிறது. குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கமும் இப்படித்தான். முட்டம், குளச்சல் கடற்கரை ரோட்டை மட்டும் இதில் சேர்க்க மாட்டேன், பார்க்க அழகு, ஆனால் வீட்டு வாசலும் ரோடும் ஒன்றாக இருக்கிற ஊர்கள், அங்கே கண்ணாடியை இறக்கிவிட்டு மெதுவாகப் போவதுதான் முறை.

ஹைவேயிலும் ஓட்டும் திறமைக்கு வேலை இருக்கிறது. 90-ல் போகும்போது அரை கிலோமீட்டர் முன்னால் என்ன நடக்கிறது என்று படித்துக்கொண்டே போவது, முன்னால் இரண்டு லாரிகள் ஒன்றையொன்று முந்தப்போகிறது என்று முன்கூட்டியே தெரிந்து ஆக்சிலேட்டரை மட்டும் விட்டு பிரேக் தொடாமலே இடம் கொடுப்பது, பின் சீட்டில் தூங்கும் பிள்ளை எழுந்துகொள்ளாதபடி லேன் மாறுவது. ஓவர்டேக் செய்ய வேண்டிய நேரத்தில் நாலாவது கியருக்கு இறக்கினால் இந்த இன்ஜின் தயங்காமல் முந்தும், முந்தி முடித்ததும் பழைய வேகத்துக்கு வந்துவிடுங்கள். அந்த 120 குதிரைத்திறன் அங்கேதான் பயன்படுகிறது, எதிர்வண்டி வரும் இருவழிச் சாலையில் அது இன்னும் பெரிய பாதுகாப்பு.

வேகம் தான் வேண்டும், வேறு எதுவும் மனதுக்கு ஆறாது என்றால் அதற்கும் தமிழ்நாட்டில் வழி இருக்கிறது. கோயம்புத்தூர் செட்டிப்பாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே பந்தயத் தளம், ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் 1990-லிருந்து இருக்கும் சென்னை சர்க்யூட். நம்ம ஐ20 உருவாகும் ஹூண்டாய் தொழிற்சாலையும் அதே இருங்காட்டுக்கோட்டையில்தான். பந்தயத் தளத்தில் சாதாரண ஆட்களும் ஓட்ட விடும் டிராக் டே நடக்கும் நாளில் சொந்தக் காரைக் கொண்டுபோய் ஹெல்மெட் போட்டு ஓட்டலாம், எதிரில் யாரும் வரமாட்டார்கள், குறுக்கே ஆடு வராது, ஆம்புலன்ஸ் தயாராக நிற்கும், வண்டி பாதை தவறினால் ஓடிப்போய் நிற்க இடம் இருக்கும். இங்கிருந்து தூரம்தான், கட்டணம், டயர், பிரேக் பேட் என்று செலவும் ஆகும். ஆனாலும் நாலைந்து நண்பர்கள் சேர்ந்து வருஷத்தில் ஒருதரம் போவது நடக்காத காரியம் இல்லை. இந்தியாவின் முதல் ஃபார்முலா ஒன் ஓட்டுநர் நரேன் கார்த்திகேயன் கோயம்புத்தூர்க்காரர், அப்படிப்பட்ட ஊர் நம்ம மாநிலத்திலேயே இருக்கும்போது நாம் எதற்கு வள்ளியூர் விலக்கில் விளையாட வேண்டும்?

வண்டியில் பிடிக்காதவையும் உண்டு. சஸ்பென்ஷன் இறுக்கம் என்பதால் குழாய் பதிக்கத் தோண்டிப்போட்ட தெருக்களில் பின் சீட்டுக்காரர்களுக்கு இடுப்பு வலிக்கும், என் அம்மா இதை ஒவ்வொரு முறையும் சொல்கிறாள். 1500 ஆர்பிஎம்முக்குக் கீழே இன்ஜின் மந்தம், பார்வதிபுரம் நெரிசலில் முதல் கியரும் இரண்டாவதுமாக மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். தினமும் அந்த நெரிசலில் மட்டும்தான் ஓட்டப்போகிறீர்கள் என்றால் டிசிடி எடுங்கள், அல்லது சாதாரண ஐ20 போதும், மிச்சக் காசில் நல்ல டயர் போடலாம். ஹைவேயில் விரட்டுவதற்காக மட்டும் என்றால் வாங்காதீர்கள். கியர் மாற்றுவதிலும் வளைவு எடுப்பதிலும் ஆசை இருந்தால் இந்த விலையில் மேனுவலோடு கிடைப்பவற்றில் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

டெஸ்ட் டிரைவ் கேட்கும்போது ஷோரூமில் பெரும்பாலும் பைபாஸ் பக்கம்தான் கூட்டிப்போவார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். பூதப்பாண்டி ரோட்டில் ஒரு அரை மணி நேரம் கேளுங்கள், வீட்டில் உள்ளவர்களையும் பின் சீட்டில் ஏற்றிக்கொள்ளுங்கள், இரண்டாவது கியரில் 40-ல் வண்டி உங்களுக்குப் பிடிக்கிறதா என்று பார்த்துவிட்டு முன்பணம் கொடுங்கள்.